தையலைத் தாண்டி

1969 ஆகஸ்ட் மாதம், கேப்டவுனில், இறந்துபோன பல் மருத்துவர் ஒருவரின் இதயத்தைப் பிரேதப் பரிசோதனையில் அறுத்துப் பார்த்தார்கள். பிலிப் பிளைபெர்க் என்ற அந்த மனிதருக்கு அப்போது வயது 60. இதயத்துக்கு அத்தனை வயதில்லை. 1968 ஜனவரி 2 அன்று க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் அவர் மார்பில் பொருத்தியது 24 வயது இளைஞர் ஒருவரின் இதயம்.

பர்னார்டின் முதல் நோயாளி லூயி வாஷ்கான்ஸ்கி அறுவைக்குப் பின் 18 நாள்தான் இருந்தார். பிளைபெர்க் 19 மாதம் இருந்தார். வீடு திரும்பினார், கடலில் இறங்கிக் குளித்த அவர் படத்தை உலகப் பத்திரிகைகள் போட்டிபோட்டு வெளியிட்டன. கொடுத்தவரையும் பெற்றவரையும் ஒரே பெஞ்சில் உட்கார விடாத நிறவெறிச் சட்டம் அப்போது அந்த நாட்டில் இருந்தது. ஒரே மார்புக்குள் அவர்கள் சேர்ந்ததைத் தடுக்க அந்தச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லாமல் போயிற்று.

அறுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் கொழுப்பேறிச் சுவர் தடித்து, பல இடங்களில் உள்வழியே இல்லாத அளவுக்குக் குறுகியிருந்தன. 24 வயதில் வந்த குழாய்கள் 19 மாதத்தில் முதுமை அடைந்துவிட்டன. நோயியல் நிபுணர் ஜே. ஜி. தாம்சன் இதை அதே ஆண்டு ‘லான்செட்’ இதழில் எழுதினார். இதயம் மாற்றப்பட்டவர்களின் பிற்கால வாழ்வை நிர்ணயிக்கும் நோயின் முதல் அடையாளம் அது.

அந்தத் தமனிகளைப் பற்றித்தான் யோசிக்க விரும்புகிறேன். குறிப்பாக, பயமோ கோபமோ அவசரமோ வரும்போது அவை என்ன செய்கின்றன என்பதைப் பற்றி. நம் வீடுகளில் தினமும் புழங்கும் அறிவுரை ஒன்று உண்டு: ‘டென்ஷன் ஆகாதே, ஹார்ட்டுக்கு ஆகாது.’ மனசுக்கும் இதயத்துக்கும் இடையில் கம்பி ஒன்று ஓடுகிறது, கேடெல்லாம் அதன் வழியேதான் வருகிறது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கம்பியை அறுத்துவிட்டால்? இதய மாற்று அறுவை சிகிச்சை செய்வது அதைத்தான்.

அறுவையில் பெரிய ரத்தக்குழாய்களையும் இதய மேலறைகளையும் தைத்து இணைக்கிறார்கள். நரம்புகளை யாரும் தைப்பதில்லை; அவ்வளவு நுண்ணிய இழைகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்கவும் முடியாது. எனவே புதிய இதயம் மூளையோடு தொடர்பே இல்லாமல் துடிக்கத் தொடங்குகிறது. துடிப்பதற்கு அதற்கு மூளை தேவையில்லை, தனக்கான துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் முனை ஒன்று அதற்குள் இருக்கிறது. ஆனால் வேகத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடி போய்விட்டதால், சும்மா படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் கூடாது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விட்டு, அது சுற்றிவந்து சேர்ந்த பிறகுதான் இதயத்துக்குச் சேதி தெரியும். ஏறி முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் வேகம் கூடிக்கொண்டே போகும், பிறகு மெதுவாக இறங்கும். அதனால்தான் இவர்களிடம் உடற்பயிற்சியைத் திடீரென்று தொடங்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள் என்கிறார்கள்.

இதில் என்னை அதிகம் உலுக்கிய விவரம் வேறு. ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வேயும் ரிச்சர்ட் லோயரும் 1960இல் நாய்களிடம் செய்துகாட்டி, பிறகு பல ஆண்டுகள் உலகம் முழுக்கப் பின்பற்றப்பட்ட முறையில், நோயாளியின் பழைய இதயத்தை முழுதாக எடுப்பதில்லை. மேலறைகளின் பின்சுவரைக் கொஞ்சம் விட்டுவைத்து, அதன்மேல் புதிய இதயத்தைத் தைப்பார்கள். அந்தத் துண்டில் பழைய துடிப்பு முனை இருக்கிறது; அதன் நரம்புகளும் அப்படியே இருக்கின்றன. அதுபாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இசிஜி எடுத்தால் இரண்டு மேலறைத் துடிப்புகள் தனித்தனியே தெரியும். அந்த மனிதர் பயந்தால் பழைய முனை உடனே வேகமெடுக்கும். மூளை சொன்னதை அது கேட்டுவிட்டது. ஆனால் அதன் மின்துடிப்பு தையல் தழும்பைத் தாண்டிப் போகாது. தழும்புக்கு இந்தப் பக்கம் பயம். அந்தப் பக்கம் ஒன்றுமே நடக்காதது போல அதே சீரான துடிப்பு.

இதை முதலில் படிக்கும் யாருக்கும் கொஞ்சம் பொறாமை வரும். கவலை எட்டாத ஓர் இதயம்! துறவிகள் ஆயுள் முழுக்கப் பாடுபட்டும் அடையாததை ஒரு கத்தி செய்துவிட்டதோ என்று தோன்றும்.

அந்தப் பொறாமைக்கு ஆதாரமும் இருக்கிறது. மூளைச்சாவு என்பது அமைதியான சாவு அல்ல. மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளைத்தண்டு அழியும் நேரத்தில், அது கடைசியாக, ஆபத்தில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் வழியே ஒரு புயலைக் கிளப்பிவிடுகிறது. ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போகும், அட்ரினலினும் நார்அட்ரினலினும் கொட்டும், இதயத் தசை அங்கங்கே சேதமாகும். கொடையாகப் பெறும் இதயம் பெரும்பாலும் இந்தப் புயலைக் கடந்துதான் வருகிறது. ஒரு மனிதர் சந்திக்கக்கூடிய ஆகப் பெரிய அதிர்ச்சியை அது ஏற்கெனவே சந்தித்துவிட்டது. 1980களில் அதே கேப்டவுனில் டிமிட்ரி நொவிட்ஸ்கி, டேவிட் கூப்பர் முதலியோர் பபூன் குரங்குகளிடம் இதை ஆராய்ந்தார்கள். இதயத்துக்குப் போகும் பரிவு நரம்புகளை முன்கூட்டியே அறுத்துவிட்டால், மூளைச்சாவின் புயல் இதயத்தை அப்படிச் சேதப்படுத்துவதில்லை என்று கண்டார்கள். கம்பியை அறு, இதயம் பிழைக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

இதயம் விசித்திரமான ஓர் உறுப்பு. மற்றத் தசைகள் உழைப்புக் கூடினால் வந்த ரத்தத்திலிருந்தே அதிக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசையோ ஓய்வில் இருக்கும்போதே வந்த ஆக்சிஜனில் முக்கால்வாசி அளவை எடுத்துவிடுகிறது. மேற்கொண்டு உறிஞ்ச அதிகம் மிச்சமில்லை. ஆகவே அதற்கு ஒரே வழிதான். அதிக ரத்தம் வந்தாக வேண்டும். கரோனரி தமனிகள் விரிந்தாக வேண்டும். ஆரோக்கியமான இதயத்தில் அந்த ஓட்டம் ஓய்வு நிலையைப் போல நான்கு ஐந்து மடங்கு வரை கூடும். மன அழுத்தம் வரும்போது இதயத்துக்கு வேண்டியது அமைதி மட்டும் அல்ல, அந்த நேரத்தில் குழாய் விரிய வேண்டும்.

விரிவதா சுருங்குவதா என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றைக் கல அடுக்குக்கு உண்டு. எண்டோதீலியம் என்பார்கள். நெடுங்காலம் அதை வெறும் பூச்சு என்றுதான் நினைத்திருந்தார்கள். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துக் காட்டினார்: உட்படலம் இருந்தால் அசிட்டைல்கோலின் பட்டதும் குழாய் தளர்கிறது, படலம் உரிந்துபோயிருந்தால் அதே அசிட்டைல்கோலினுக்குச் சுருங்குகிறது. படலம் விடும் நைட்ரிக் ஆக்சைடுதான் தளர்த்துகிறது என்பது பின்னால் தெரிந்தது. 1998இல் அவருக்கும் லூயி இக்னாரோவுக்கும் ஃபெரித் முராதுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனசின் அழுத்தத்துக்கும் இதே கதைதான். 1991இல் பாஸ்டன் மருத்துவர்கள் சொந்த இதயத்தோடு வந்த நோயாளிகளை ஆஞ்சியோகிராம் மேசையில் படுக்கவைத்து, நேர நெருக்கடியோடு மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். இதயத்துக்குள் குழாய் செருகியிருக்கும்போது கழித்தல் கணக்கு! வழுவழுப்பாக இருந்த தமனிகள் அப்படியே இருந்தன அல்லது சற்று விரிந்தன. நோய்ப்பட்ட தமனிகள் சுருங்கின. வந்த பதற்றம் இருதரப்புக்கும் ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்ட சுவர் வேறு. ‘டென்ஷன் இதயத்துக்கு ஆகாது’ என்ற வாக்கியத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது என்று இதைப் படித்த பிறகு நினைத்தேன். எந்தச் சுவருக்கு ஆகாது என்று அது சொல்வதில்லை.

இப்போது இதயம் மாற்றியவரிடம் திரும்புவோம். அவருடைய உடம்பில் அந்நியரின் கலங்கள் அவருடைய ரத்தத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் எது? இந்த உட்படலம்தான். எல்லைக்கோடு அதுவே. எல்லையில்தான் சண்டை நடக்கும். இது நம்முடையதல்ல என்று நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு முதலில் மோதுவது அங்கேதான். மருந்துகள் அந்தச் சண்டையைத் தணிக்கின்றன. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பிரித்த சைக்ளோஸ்போரின் 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகுதான் இதய மாற்று பரவலான சிகிச்சையாயிற்று. ஆனால் சண்டை ஓய்வதில்லை, மெல்லிய குரலில் வருஷக்கணக்காக நடக்கிறது. உள்ளடுக்கு தடிக்கிறது. சாதாரண மாரடைப்பு நோயில் போல ஒரு இடத்தில் மேடு, அடுத்த இடத்தில் சுத்தம் என்று இல்லை. குழாயின் நீளம் முழுக்க, சிறு கிளைகள் வரை, சுற்றிலும் ஒரே சீராகத் தடிக்கிறது. எனவே ஸ்டென்ட் வைத்துத் தீர்ப்பதும் கடினம். அறுவைக்குப் பின் 10 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது ஆஞ்சியோகிராமில் தெரிந்துவிடுகிறது. ஒரே சீராகக் குறுகுவதால் ஆஞ்சியோகிராமையே ஏமாற்றுவதும் உண்டு. குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் முனையை அனுப்பிப் பார்த்தால்தான் சுவரின் தடிமன் தெரியும்.

தடிப்பதற்கு முன்பே குணம் மாறிவிடுகிறது. படத்தில் வழுவழுப்பாகத் தெரியும் குழாயிலும், மாற்று இதயமுள்ள சிலரிடம், விரிய வேண்டிய தூண்டுதலுக்குச் சுருக்கம் வருவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பின்னால் நோய் முற்றும் வாய்ப்பு அதிகம். ஸ்டேட்டின் மாத்திரைகளும், ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்டெடுத்த ராபமைசின் வழிவந்த எவரோலிமஸும் இந்தத் தடிப்பை மெதுவாக்குகின்றன. நிறுத்திவிடுவதில்லை.

இத்தனையும் சத்தமில்லாமல் நடக்கிறது. நெஞ்சுவலி என்பது இதயம் நரம்பு வழியே அனுப்பும் புகார். நரம்பு இல்லாத இதயம் யாரிடம் புகார் சொல்லும்? நம்மில் பெரும்பாலோருக்கு அடைப்பு ஏற்பட்டால் மார்பு பிசையும், இடது கை கனக்கும், பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடுவோம். இவருக்கு வெறும் களைப்பு, மூச்சு வாங்கல், சில சமயம் அதுவும் இல்லாமல் நேரே இதயச் செயலிழப்பு அல்லது திடீர் மரணம். தமிழ்நாட்டில் 2008க்குப் பிறகு மூளைச்சாவுக் கொடைத் திட்டம் வலுப்பெற்று, சென்னைச் சாலைகளில் போக்குவரத்தை நிறுத்தி இதயத்தை அனுப்பிவைக்கும் செய்திகள் நமக்குப் பழக்கமாகிவிட்டன. அந்தச் செய்தி ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு வலியும் இல்லாமல், போய் ஆஞ்சியோகிராம் மேசையில் படுக்கிற வாழ்க்கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுத அதில் பரபரப்பு இல்லைதான்.

ஆக, கவலை எட்டாத இதயம் என்று பொறாமைப்பட்டோமே, அதற்குக் கவலை எட்டாமலும் இல்லை. தாமதமாக எட்டுகிறது. நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சி அகற்றும் நரம்பு முனைகளும் போய்விட்டதால், வந்தது அவ்வளவு சீக்கிரம் விலகுவதும் இல்லை. எட்டாமல் போனது இதயத்தின் பதில்தான்.

இந்த இடத்தில்தான் உடம்பு யாரும் கேட்காத ஒரு காரியத்தைச் செய்கிறது. தைக்கப்படாத நரம்புகள் தாமாக வளர்கின்றன. எல்லோரிடமும் இல்லை, வேகமாகவும் இல்லை; பெரும்பாலும் ஓராண்டாவது கழிந்த பிறகு பரிவு நரம்பிழைகள் தையலைத் தாண்டி உள்ளே போகத் தொடங்குகின்றன. பொதுவாக இதயத்தின் முன்சுவரில், இடது முன் இறங்கு தமனி பாயும் பகுதியில் முதலில். பின்சுவரும் கீழ்ச்சுவரும் பலரிடம் ஆண்டுகள் பல கழிந்தும் நரம்பில்லாமலே கிடக்கின்றன. இந்த அரைகுறைத்தனம் ஆராய்ச்சியாளர்களுக்கு அரிய வாய்ப்பாயிற்று. ஒரே மனிதர், ஒரே ரத்தம், ஒரே அட்ரினலின். இதயத்தின் ஒரு பகுதிக்கு நரம்பு உண்டு, மறு பகுதிக்கு இல்லை. நரம்பு என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிடத் துல்லியமான ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்துவிட முடியாது.

1997இல் மார்செலோ டி கார்லியும் உடனிருந்தவர்களும் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வழியாக அதன் முடிவைச் சொன்னார்கள். தமனிகள் சீராக உள்ள மாற்று இதய நோயாளிகளின் கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினார்கள். எளிய சோதனைதான், ஆனால் உடம்பு அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளும். பரிவு நரம்புகள் விழித்துக்கொண்டு ரத்த அழுத்தம் ஏறும். அப்போது பாசிட்ரான் உமிழ்வு ஸ்கேனில் இதயத்துக்குள் பாயும் ரத்தத்தை அளந்தார்கள். நரம்பு திரும்பிய பகுதியில் ஓட்டம் நன்றாகக் கூடியது. நரம்பில்லாத பகுதியில் அந்த அளவு கூடவில்லை. நரம்பிழைகள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அதிகம் கூடியது. இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம் என்று எனக்குப் படுகிறது: குழாய்களை நேரடியாக விரியவைக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்தபோது இரண்டு பகுதிகளும் ஒரே மாதிரி விரிந்தன. வாய்க்காலின் அகலம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் மடை திறப்பவருக்குத் தகவல் போயிற்று, மறுபக்கம் போகவில்லை.

கம்பியை அறு, இதயம் பிழைக்கும் என்று பபூன்கள் சொன்னது பொய்யில்லை. மரணப் புயல் வீசும் அந்தச் சில நிமிஷங்களுக்கு அது சரி. அன்றாடம் வாழ்வதற்கு அது சரியில்லை. அதிர்ச்சியைக் கொண்டுவருகிற அதே நரம்புதான் அதிர்ச்சியைத் தாங்கத் தேவையான ரத்தத்தையும் திறந்துவிடுகிறது. இரண்டையும் தனித்தனியே பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க உடம்பில் இடமே இல்லை. ஒன்றும் நம்மைத் தொடக்கூடாது என்று விலகி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நமக்கே அந்த ஆசை அடிக்கடி வரும். அப்படி விலகி நின்றால் துன்பம் குறையும் என்ற கணக்கில் ஒரு வரவு விடுபட்டுப்போகிறது: தொடவிடாதவருக்குத் துன்பம் தாமதமாக வந்து சேர்கிறது, துணை வந்தே சேர்வதில்லை.

இன்னும் யோசித்தால் வேறொன்றும் தெரிகிறது. எதிர்ப்பு மண்டலமும் நரம்பு மண்டலமும் ஒரே உடம்பின் பகுதிகள். முன்னது இந்த இதயத்தை நாள் தவறாமல் மறுக்கிறது; மாத்திரை நிறுத்தினால் கொன்றுவிடும். பின்னது யாருடைய இதயம் என்று கேட்பதே இல்லை, வழி கிடைத்தால் உள்ளே போய்விடுகிறது. ஒருவர் உள்ளுக்குள் ஒரே மனதாக இருக்கிறார் என்று நாம் பேசுகிறோம். ஒரு மார்புக்குள், அரை அடி தூரத்தில், ஏற்பதும் மறுப்பதும் ஒரே வேளையில் நடக்கின்றன. இரண்டுமே அந்த மனிதர்தான். யாரையாவது முழுதாக ஏற்றுக்கொண்டேன் என்று சொல்பவர்களை அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடும், இன்னும் ஏற்க முடியவில்லை என்பவர்களைக் கொஞ்சம் பொறுமையோடும் பார்க்கத் தோன்றுகிறது.

2001இல் மியூனிக்கில் ஃபிராங்க் பெங்கலும் குழுவினரும் நரம்பு திரும்பியவர்களையும் திரும்பாதவர்களையும் உடற்பயிற்சியில் ஒப்பிட்டார்கள். திரும்பியவர்களின் இதயம் வேகமாகத் துடித்தது, நன்றாகச் சுருங்கியது. அவர்களால் அதிக நேரம் பயிற்சி செய்ய முடிந்தது. அது நல்ல செய்தி. மற்றொரு செய்தி அதற்குப் பத்தாண்டு முன்பே வந்திருந்தது. இதயம் மாற்றியவருக்கு நெஞ்சு வலிக்காது என்பது அதுவரை மருத்துவ மாணவர்கள் படித்த பாடம். 1991இல் மினசோட்டாவில், மாற்று இதயத்தின் தமனிகள் குறுகிவிட்ட சிலர் தங்களுக்கு நெஞ்சு வலிக்கிறது என்றார்கள். பரிசோதித்ததில் நரம்புகள் மீண்டிருந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. இதயம் புகார் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. அடைப்பு இருக்கிறது என்ற துக்கச் செய்தியையும், அது இனி உங்களுக்குத் தெரியும் என்ற ஆறுதலையும் ஒரே வலியில் கேட்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

பாடத்தைத் திருத்தினார்கள், ஆனால் முழுதாகத் தூக்கி எறிய முடியவில்லை. பெரும்பாலோருக்கு இன்றும் வலி வருவதில்லை; வருகிறவர்களுக்கும் முன்சுவரின் வலி தெரிந்து பின்சுவரின் அடைப்பு தெரியாமல் போகலாம். ஆகவே வலித்தால் உடனே வாருங்கள் என்று சொல்லும் மருத்துவர், வலிக்காவிட்டாலும் வருஷம் தவறாமல் வாருங்கள் என்று அதே மூச்சில் சொல்லி, அடுத்த ஆஞ்சியோகிராமுக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறார்.